480 புள்ளி மேலே இருப்பவரோடு முதல் ரவுண்டு: காயை மாற்றி டிரா வாங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். செஸ் ஆடும் மகளுக்குப் பதினோரு வயது, ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) தந்த ரேட்டிங் 1480. சனிக்கிழமை வேலூரில் தொடங்கும் ஓப்பன் போட்டியில் முதல் ரவுண்டிலேயே 1960 ரேட்டிங் உள்ள பெரியவர் ஒருவர் எதிரே உட்காரப் போகிறார். கேள்வி மூன்று. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய ஆளைப் போட்டது நியாயமா? தோற்றால் ரேட்டிங் எவ்வளவு போகும்? "காயையெல்லாம் சீக்கிரம் மாத்திடும்மா, டிரா ஆயிடும்" என்று சொல்லி அனுப்பலாமா? (காய் மாற்றுவது என்றால் ஒருவர் வெட்ட, மற்றவர் பதிலுக்கு வெட்டுவது.)

மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று இந்தப் பக்கம் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், போட்டி நடுவராக, அதாவது ஆர்பிட்டராகவும் நின்றிருக்கிறேன். போட்டி மண்டப வாசலில் அதிகமாகக் காதில் விழும் அறிவுரை இதுதான். அதிகமான பிள்ளைகளைத் தோற்கடித்த அறிவுரையும் இதுதான். முதல் இரண்டு கேள்விகளையும் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

உங்கள் மகளை யாரும் குறிவைத்துப் போடவில்லை. நம் ஊர் ஓப்பன் போட்டிகள் எல்லாம் சுவிஸ் முறையில் நடப்பவை. ரேட்டிங்படி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். மேல் பாதியின் முதல் ஆளுக்குக் கீழ் பாதியின் முதல் ஆள் ஜோடி. 160 பேர் வந்திருந்தால் 1-க்கு 81, 30-க்கு 110. ஆகவே முதல் ரவுண்டில் எல்லா போர்டிலும் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. இந்த ஜோடிகளைப் போடுவது கம்ப்யூட்டர். இரண்டாவது ரவுண்டிலிருந்து ஜெயித்தவருக்கு ஜெயித்தவர், தோற்றவருக்குத் தோற்றவர். தோற்றாலும் சனிக்கிழமை மதியமே அவளுக்குச் சமமான ஆள் கிடைத்துவிடுவார்.

இனி ரேட்டிங் கணக்கு. வித்தியாசம் 400-ஐத் தாண்டினாலும் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் பலசாலிக்கு எதிர்பார்க்கப்படுவது 0.92 புள்ளி, மற்றவருக்கு 0.08. ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை, தோற்றால் 0. வாங்கிய புள்ளிக்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே, 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பெருக்கும் எண் 40. எனவே உங்கள் மகள் தோற்றால் போவது 3.2. டிரா என்றால் 16.8 ஏறும், ஜெயித்தால் 36.8. எதிரே இருப்பவர் வயது வந்தவர், அவருக்கு அந்த எண் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது 1.6தான். டிரா ஆனால் 8.4 போகும், தோற்றால் 18.4 போகும்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த மேசையில் இழக்க வேண்டியது யாரிடம் இருக்கிறது? டிரா ஆனாலே அவருக்கு நஷ்டம். அவர் ஜெயித்தே தீரவேண்டும் என்று வருகிறார். உங்கள் மகளுக்கு அந்தப் பாரம் கிடையாது. இன்னொன்று, பதினோரு வயதில் பிள்ளைகள் மாதத்துக்கு மாதம் வளர்கிறார்கள், ரேட்டிங் பின்னாலேயே மெதுவாக நடந்து வருகிறது. ஆகவே 1480 என்பது அவள் நேற்று ஆடிய ஆட்டம், இன்று ஆடும் ஆட்டமல்ல. அந்த 1960 பெரியவருக்கும் இது தெரியும். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படும் பெரிய ஆட்டக்காரர்கள் நம் மாவட்டத்தில் நிறைய பேர்.

இப்போது காய் மாற்றும் விஷயம்.

காய்கள் குறைந்தால் ஆபத்து குறையும், ஆபத்து குறைந்தால் டிரா பக்கம் போகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பலகையில் நடப்பது வேறு. முப்பத்திரண்டு காய் நிற்கும்போது அந்த 1960-உம் தடுமாறுவார், அவரும் எதையாவது பார்க்காமல் விடுவார். நான்கு காய் மட்டும் நிற்கும்போது அவர் தடுமாற மாட்டார். ஏனென்றால் அந்த நான்கு காய் நிலையை அவர் ஏற்கெனவே நூறு தடவை பார்த்திருக்கிறார், பிள்ளை பார்த்ததில்லை. இருவருக்கும் இடையில் உள்ள 480 புள்ளியில் பெரும்பங்கு ஒளிந்திருக்கும் இடம் எண்டுகேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம். அவசர அவசரமாகக் காயை மாற்றும் பிள்ளை தானாகவே நடந்து அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறது.

இதை என் ஆட்டத்தை வைத்தே காட்டுகிறேன். 2009, காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளி மண்டபம், மே மாத வெயில். ஃபேன் காற்றில், நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட் பறக்கும், பேனாவை மேலே வைத்தே எழுத வேண்டியிருக்கும். எனக்கு 1620, அவருக்கு 2050. நான் கறுப்பு. முதல் நகர்விலிருந்தே டிராதான் குறி. ராணியை மாற்றினேன், குதிரைகளை மாற்றினேன், பிஷப்புகளையும் மாற்றினேன். நாலு மணி நேரம் கழித்து அவரிடம் ஒரு யானையும் இ2-ல் ஒரு சிப்பாயும், என்னிடம் ஒரு யானை. (இ2 என்றால் இ என்ற நெடுக்கு வரிசையில் இரண்டாவது கட்டம்.) என் ராஜா இ7-ல், அந்தச் சிப்பாயின் பாதைக்கு நேர் எதிரே நின்றது. அது டிரா நிலை. யானையை வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தாலே போதும்.

அவர் தன் யானையை இ4-க்குக் கொண்டுவந்து செக் சொன்னார். எனக்குச் சந்தோஷம். என் யானை நாலாவது வரிசையில்தான் நின்றது. வெட்டினேன், அவர் ராஜாவால் திருப்பி வெட்டினார். அவர் ராஜா இ4-ல், நான் இ6-க்குப் போனேன். இரண்டு ராஜாவும் நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம், நகர வேண்டியது அவர். இப்படி நிற்கும்போது நகர வேண்டியவருக்குத்தான் நஷ்டம்; புத்தகத்தில் படித்த அந்த ஆப்போசிஷன் என் கையில்தான் என்று நினைத்து, கை கொடுக்கவே தயாராகிவிட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. சிப்பாயை இ2-லிருந்து இ3-க்கு ஒரு கட்டம் தள்ளினார். ராஜாக்கள் நின்ற இடத்திலேயே நிற்க, நகர வேண்டியவன் நானாகிவிட்டேன். என் ராஜா விலக, அவர் ராஜா பக்கவாட்டில் நுழைந்து ஆறாவது வரிசைக்குப் போய்விட்டது. அந்தச் சிப்பாய் முன்பே இ3-ல் இருந்திருந்தால் டிரா. இ2-ல் இருந்ததால் அவருக்கு ஒரு நகர்வு மிச்சம், அதில் எனக்குத் தோல்வி. ராஜா தன் சிப்பாய்க்கு இரண்டு கட்டம் முன்னால் நின்றுவிட்டால், ஓரச் சிப்பாயாக இல்லாதவரை, வெற்றிதான். அவருக்கு இது மனப்பாடம். நானோ அன்று மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

நாலு மணி நேரம் நன்றாகத்தான் ஆடினேன். தோற்றது ஒரே ஒரு வெட்டில். அதுவும் அவர் என்னை நெருக்கவில்லை, வாசலைத் திறந்து வைத்தார், நானே உள்ளே போனேன்.

உலக சாம்பியனுக்கே இது நடந்திருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரும் 6.5-க்கு 6.5. அப்போது சாம்பியனாக இருந்த டிங் லிரனுக்கு (வெள்ளை) ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் இரு பக்கமும் யானையும் பிஷப்பும் நின்றன, தாங்கக்கூடிய நிலைதான். 55-வது நகர்வில் அவர் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள அழைத்தார். நம் குகேஷ் யானைகளை வெட்டிவிட்டு, பிஷப்பை டி5-ல் கொண்டுவந்து வைத்தார். மூலையில் நின்ற வெள்ளை பிஷப்புக்கு அந்தக் குறுக்குக் கோட்டை விட்டுத் தப்ப வழியில்லை, அதுவும் மாறியது. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும், வெள்ளைக்குத் தோற்ற நிலை. அந்த இருவரிடையே பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியிருந்தும், களைத்துப்போன நேரத்தில் "மாற்றிவிட்டால் முடிந்தது" என்ற எண்ணம் எவ்வளவு பெரிய ஆளையும் இழுத்துவிடுகிறது.

ஆட்டத் தொடக்கமான ஓப்பனிங்கிலும் இதே கதை உண்டு. பெரிய ஆளைக் கண்டதும் சில பிள்ளைகள் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில் மூன்றாவது நகர்விலேயே டி5-ல் சிப்பாயை வெட்டிவிடுவார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி, டிரா என்று நினைப்பு. எதிராளி யானைகளை மாற்ற விடாமல், வேறு பக்கம் கோட்டை கட்டி, ஆட்டத்தைத் தனக்குப் பிடித்த திசைக்குத் திருப்பிவிடுவார். இன்னொரு பழக்கம், பிஷப்பால் எஃப்3 குதிரையை ஓடிப்போய் வெட்டுவது. வெட்டியவர் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. திருப்பி வெட்டிய ராணியோ ஒரு நகர்வுகூடச் செலவில்லாமல் நல்ல இடத்தில் வந்து நிற்கிறது.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவளுடைய ராஜாவைக் குத்திக்கொண்டு நிற்கும் குதிரையை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஒரு காய் கூடுதலாகப் பிடித்துவிட்டால் மாற்றலாம். தன் கெட்ட காயைக் கொடுத்து அவர் நல்ல காயை எடுக்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பயத்தில் மட்டும் மாற்றக் கூடாது. வெட்டும் முன் ஒரே கேள்வி: திருப்பி வெட்டும் காய் எங்கே வந்து நிற்கும்? என் பிள்ளைகளுக்கு நான் இதை மட்டும்தான் சொல்லி அனுப்புவேன். பத்து விஷயம் சொன்னால் பதினோரு வயதில் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

மறுபக்கமும் ஒரு குழி இருக்கிறது. "எப்படியும் தோல்விதானே" என்று ஐந்தாவது நகர்விலேயே குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கும் பிள்ளைகள் உண்டு. பலி பலிக்காமல் போனால் இருபது நகர்வில் ஆட்டம் முடிந்துவிடும், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. முந்தின இரவு யூடியூபில் பார்த்த புது ஓப்பனிங்கை இறக்குவதும் அதே ரகம். அவள் தினமும் ஆடுவது எதுவோ அதையே ஆடட்டும். ராஜாவுக்குக் கோட்டை கட்டி, எல்லாக் காயையும் வெளியே கொண்டுவந்து, பலகையில் காய் நிறைய நிற்கும்படி ஆட்டத்தை நீளமாக்கட்டும். நீளமாக நீளமாக அந்த 8.4 புள்ளி அவர் மண்டையில் ஓட ஆரம்பிக்கும். சமமான நிலையிலும் ஜெயிக்க வேண்டுமென்று தள்ளுவார். ஒரு சிப்பாயை அளவுக்கு மீறி முன்னே நகர்த்துவார். உங்கள் மகளுக்கு வாய்ப்பு அங்கேதான் வரும். கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் 2023 அக்டோபரில் கஜகஸ்தானின் அலிஷெர் சுலைமெனோவ் இரண்டாவது ரவுண்டில் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனை வீழ்த்தினார். இடைவெளி 300-க்கு மேல். அவர் காயை மாற்றி மாற்றி டிரா தேடவில்லை, ராஜாவை நோக்கித் தாக்கி ஜெயித்தார்.

நேரத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பெரியவர் டக் டக்கென்று ஆடுவார், கிளாக்கை அழுத்திவிட்டு எழுந்துபோய் அடுத்த போர்டை வேடிக்கை பார்ப்பார். பிள்ளையும் அதே வேகத்தில் ஆடத் தொடங்கும். நான் ஆர்பிட்டராக நடந்துகொண்டே கவனித்திருக்கிறேன்: தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் தோற்றுப்போய்க் கை கொடுக்கும் பிள்ளைகளின் கிளாக்கில் பெரும்பாலும் எழுபது நிமிடம் மிச்சம் இருக்கும். அந்த எழுபது நிமிடத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. அவர் எழுந்து போனால் போகட்டும், இவள் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பலகையைப் பார்க்கட்டும். தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

டிரா கேட்பது பற்றி. இவளாகக் கேட்க வேண்டாம். கேட்ட நிமிடமே, இந்தப் பிள்ளை பயப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், இன்னும் ஐம்பது நகர்வு ஆட அவருக்குத் தெம்பு வந்துவிடும். அவர் கேட்டால்? 480 புள்ளி மேலே இருப்பவர் சும்மா கேட்க மாட்டார். ஒன்று நிலை அவருக்குக் கெட்டிருக்கும், இல்லை நேரம் தீர்ந்திருக்கும். உடனே தலையை ஆட்டாமல் ஐந்து நிமிடம் பலகையைப் பார்க்கட்டும். முறைப்படி அவர் தன் நகர்வை ஆடிவிட்டுக் கேட்டு, பிறகுதான் கிளாக்கை அழுத்த வேண்டும். இவள் காயைத் தொடும்வரை அல்லது வேண்டாம் என்று சொல்லும்வரை அந்த வாய்ப்பு அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்தாலோ, "இன்னும் இன்னாத்துக்கு ஆடற, விட்டுடு பாப்பா" என்று முணுமுணுத்தாலோ, கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கட்டும். சில வருடங்களுக்கு முன் இப்படியே ஒரு பெரியவர் என் மாணவன் ஒருவனைப் பேசிப் பேசியே எழ வைத்துவிட்டார். அவன் அப்போது ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தான். ஆர்பிட்டரைக் கூப்பிடலாம் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே கையைத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

மூன்று முறை ஒரே நிலை வந்தால் டிரா கேட்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்கும் முறையில்தான் கோட்டை விடுகிறார்கள். தன் நகர்வால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால் அதைக் காயில் ஆடக்கூடாது. ஸ்கோர்ஷீட்டில் எழுதி, கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். ஆடி அழுத்திவிட்டால் உரிமை போய்விட்டது.

எல்லாம் மாறிப்போய்க் கடைசியில் எண்டுகேம் வந்தேவிட்டால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு நிலை: யானையும் சிப்பாயும் வைத்திருப்பவரை யானையை மட்டும் வைத்துத் தடுப்பது. பிரான்சின் ஃபிலிடோர் பதினெட்டாம் நூற்றாண்டில் விளக்கிவிட்டுப் போனது. ஆம்பூரிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, ரேட்டிங் 1500-ஐ ஒட்டி, இதை மட்டும் வைத்துக்கொண்டு 1900-க்கு மேலான ஒருவரை ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்தாள். வெளியே வேப்பமரத்தடியில் தயிர்சாத டப்பாவோடு அவள் அம்மா காத்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லா போர்டும் முடிந்து, மண்டபத்தில் இவர்கள் இருவரும் நானும் மட்டும். அவள் யானை பி6-லிருந்து ஜி6, ஜி6-லிருந்து பி6 என்று போய்ப்போய் வந்தது. அந்தப் பெரியவர் தண்ணீர் குடித்தார், சட்டைக் கையை மடித்தார், மறுபடி முயன்றார். ஆறாவது வரிசையைத் தாண்டி அவர் ராஜாவால் வர முடியவில்லை. கடைசியில் சிப்பாயைத் தள்ளினார். அதே நொடியில் அவள் யானை பி1-க்கு இறங்கி, பின்னாலிருந்து செக், செக், செக். ராஜாவுக்கு ஒதுங்க நிழல் இல்லை. அவரே கை நீட்டினார், பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து அவளுக்கு நடு ஆட்டத்தில் விட்ட இடங்களைக் காட்டிக்கொடுத்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் உங்கள் மகளும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கட்டும். "சார், எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லாமல் போன பெரிய ஆட்டக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்று வியாழன். உங்களுக்கு இரண்டு இரவு இருக்கிறது. புதிதாக எதுவும் வேண்டாம், பலகையை எடுத்து இதை மட்டும் அடுக்குங்கள். வெள்ளை ராஜா டி5, யானை ஏ7, சிப்பாய் இ5. கறுப்பு ராஜா இ8, யானை பி6. நீங்கள் வெள்ளை, அவள் கறுப்பு, நகர வேண்டியது நீங்கள். சிப்பாய் இ6-க்குப் போகும்வரை அவள் யானை ஆறாவது வரிசையை விடக்கூடாது, போன உடனே முதல் வரிசைக்கு இறங்க வேண்டும். நீங்கள் ஜெயிக்கவே பாருங்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று தடவை உங்களை அவள் நிறுத்திவிட்டால் பலகையை மூடிவிட்டு அவளைத் தூங்கவிடுங்கள். சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகவே பஸ் பிடித்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம்.